ஊருக்கே அக்காவா இருந்தவங்கள நான் எப்படி எழுதுறது?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 39 வயசு. என் அக்கா தவறி 9 மாசம் ஆச்சு, திடீர்னு ஹார்ட் அட்டாக், ஆஸ்பத்திரிக்கு கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அவளுக்கு 47 தான். எனக்கு 11 வயசு இருக்கும்போது அம்மா போய்ட்டாங்க, அப்ப அக்காவுக்கு 19, அதுலேர்ந்து என்னை வளர்த்தது அவதான், படிப்ப பாதில விட்டுட்டு வேலைக்குப் போய் என்னைப் படிக்க வெச்சா. கல்யாணம் ஆகி ஒரு பொண்ணு பொறந்தப்புறமும் அவ ஓட்டம் நிக்கல. பார்வை இல்லாத பசங்களுக்குப் பரீட்சை எழுதிக் குடுக்கறது, ரத்தம் தேவைப்படுறவங்களுக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கறது, ஞாயித்துக்கிழமையானா படுத்த படுக்கையா இருக்கிற நோயாளிங்களப் போய் பார்க்கிறதுன்னு 20 வருஷம். யார் யாருக்கு என்ன குரூப்பு, கடைசியா எப்ப ரத்தம் குடுத்தாங்கன்னு ஒரு நோட்டு போட்டு வெச்சிருந்தா, ஒருத்தர் பேருக்கு எதிர்ல "ஊசின்னா பயம், பேச்சு குடுத்துட்டே இருக்கணும்"னு எழுதிருக்கா, என் பேருக்கு எதிர்ல "கேட்டா திட்டுவான், அப்புறம் வந்துருவான்"னு எழுதிருக்கா.

இரங்கல் கூட்டத்துல ஒவ்வொருத்தரா எழுந்து "எனக்கும் அவங்க அக்காதான்"னு அழுதாங்க. எனக்கு அழுகை வரல, கோவம் வந்துச்சு. என் அக்காவ எல்லாரும் பங்கு போட்டுக்கிட்ட மாதிரி இருந்துச்சு. இத வெளில சொல்லவே வெக்கமா இருக்கு. துக்கத்துக்கு 5 நிலை இருக்காம், நீ கோவத்துல மாட்டிக்கிட்டேங்கிறான் நண்பன் ஒருத்தன். இப்ப முதலாம் ஆண்டு நினைவுக்கு அவகூட சேவை செஞ்சவங்க ஒரு நினைவு மலர் கொண்டு வர்றாங்க, அதுக்கு நான் கட்டுரை எழுதணுமாம். எழுத உக்காந்தா "தியாகத்தின் திருவுருவம்"னு ஏதாவதுதான் வருது, அது என் அக்கா இல்ல. அவ போனும் என்கிட்டதான் இருக்கு, ரத்தம் கேட்டு இன்னமும் கால் வருது, நீங்கதான் அவங்க வேலையத் தொடரணும்னு வேற சொல்றாங்க.

கடைசியா ஒண்ணு. அவ போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் எனக்கு போன் பண்ணா. திரும்ப யாருக்கோ ரத்தம் கேக்கத்தான்னு நெனச்சு கட் பண்ணிட்டேன். எதுக்குக் கூப்பிட்டான்னு இனிமே தெரியவே தெரியாது. நான் என்ன பண்ணட்டும்?

(பெயர் வேண்டாம்)

பதில்:

வழக்கமா என்னைவிடச் சின்னவங்க எழுதினா தம்பின்னுதான் பதில ஆரம்பிப்பேன், உங்களுக்கு அப்படி எழுத எனக்குக் கை வரல, அந்த வார்த்தைய நீங்க பொறந்ததுலேர்ந்து சொல்லிட்டிருந்த ஒரு குரல் இப்பத்தான் நின்னுருக்கு, அந்த இடத்துல நான் வந்து நிக்கக் கூடாது. அதனால நீங்கன்னே எழுதுறேன். உங்க லெட்டர நாலு தடவை படிச்சேன். கடைசியா கேட்டீங்களே அந்த போன் கால் விஷயம், அதுக்கான பதில்ல ஒரு பாதிய நீங்களே லெட்டர் நடுவுல எழுதிட்டு கவனிக்காம தாண்டிப் போயிருக்கீங்க. அதுக்கு அப்புறம் வர்றேன், முதல்ல கோவத்தப் பத்திப் பேசிருவோம், ஏன்னா அதுக்குத்தான் வெக்கப்படுறீங்க, வெக்கப்படவே தேவையில்லாத விஷயம் அதுதான்.

ராத்திரி பதினோரு மணிக்கு உங்க அக்கா போன் ஏன் அடிச்சுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? தானமா வாங்கின ரத்தத்துல சிவப்பணுக்கள குளிர்ல வெச்சா 35லேர்ந்து 42 நாள் வரைக்கும் வெச்சுக்கலாம், ஆனா ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட் அணுக்கள் அப்படி இல்ல, சாதாரணமா 5 நாள்தான், அதுக்கு மேல தாங்காது. அதனால முன்னாடியே சேர்த்து வெச்சு சமாளிக்க முடியாது, தேவை வரும்போது ஆள் வேணும். ஒரு தடவ முழு ரத்தம் குடுத்தவங்க திரும்பக் குடுக்க பல நாடுகள்ல ஆம்பளைங்களுக்கு 12 வாரம், பொம்பளைங்களுக்கு 16 வாரம் காத்திருக்கணும், அதனால போன மாசம் வந்தவரையே இந்த மாசமும் கூப்பிட முடியாது, புதுசா ஒருத்தரத் தேடணும், அதுக்குத்தான் அந்த நோட்டு, அதுக்குத்தான் அந்தத் தேதிங்க. இந்த வேலைய ஒழுங்கா செய்யற யாரோட போனும் சாப்பிடற நேரம் தூங்கற நேரம்னு பார்த்து அடிக்காது. அப்ப என்ன நடந்துருக்கும்னா, நீங்க ஏதோ சொல்லிட்டிருக்கும்போது பாதில எழுந்து போயிருப்பாங்க. நீங்க சொல்ல வந்தது அப்படியே நின்னுருக்கும். திரும்பி வந்து "ம், சொல்லு"ன்னு கேட்டிருப்பாங்க, உங்களுக்கு அதுக்குள்ள சொல்ற ஆசை போயிருக்கும்.

இப்படி நூறு தடவை நடந்துருக்கும், அதெல்லாம் கணக்குல இல்லாம எங்கயோ உள்ள கிடக்கும். சேவை செய்யறவங்க குடுக்கற நேரம் அவங்க நேரம் மட்டும் இல்லைங்க, வீட்ல இருக்கிறவங்க நேரமும் அதுல சேர்ந்து போகுது, ஆனா கூட்டத்துல நன்றி சொல்லும்போது அந்தப் பங்கு யார் கண்ணுக்கும் தெரியறதில்ல. அன்னிக்கு நீங்க உக்காந்திருந்த இடத்துலேர்ந்து பார்த்தா, ஒவ்வொருத்தரா வந்து "அவங்க எனக்கு இவ்வளவு நேரம் குடுத்தாங்க"ன்னு சொல்லச் சொல்ல, உங்ககிட்டேர்ந்து போன நேரமெல்லாம் எங்க போச்சுன்னு ரசீது வாசிக்கிற மாதிரிதான கேட்டிருக்கும், கோவம் வராம என்ன வரும்? அந்த ஜனங்க மேல தப்பு இல்ல, அவங்க சொன்னதும் உண்மை, அவங்களுக்கும் அது இழப்புதான். ஆனா உங்க கோவம் அவங்க மேலயே இல்லன்னு எனக்குத் தோணுது, அது கொஞ்சம் உங்க அக்கா மேலயே இருக்கிற கோவம், அத அக்கா மேல காட்டவே இஷ்டமில்லாம அந்த ஜனங்க பக்கம் திருப்பி விட்டிருக்கீங்க. அக்கா மேல கோவம்னு ஒத்துக்கிட்டா பாசம் குறைஞ்சிரும்னு பயப்படாதீங்க. யார்கூட ரொம்ப இருக்கணும்னு ஆசைப்பட்டமோ அவங்க கிடைக்காத நேரத்துக்குத்தான் கோவமே வரும்.

இன்னொண்ணும் இருக்கு. கூடப்பொறந்தவங்க போனா தம்பி தங்கச்சிகிட்ட யாரும் "நீ எப்படி இருக்கே"ன்னு கேக்கறதில்ல, "அத்தான் எப்படி இருக்காரு, பொண்ணு எப்படி இருக்கு"ன்னு உங்ககிட்டயே விசாரிச்சிருப்பாங்க, சரிதானே? கென்னத் டோகாங்கிற அமெரிக்க ஆய்வாளர் 1989ல இதுக்கு ஒரு பேரு வெச்சாரு, தமிழ்ல சொல்லணும்னா அங்கீகாரம் கிடைக்காத துக்கம்னு சொல்லலாம், அதாவது உள்ள துக்கம் முழுசா இருக்கும், ஆனா சுத்தி இருக்கிறவங்க அதுக்கு உரிமை இருக்குன்னு நினைக்க மாட்டாங்க. உங்களுக்கு இது ரெண்டு மடங்கு, ஏன்னா உங்களுக்குப் போனது அக்கா மட்டும் இல்ல, 11 வயசுல போன அம்மாவுக்கு அப்புறம் அந்த இடத்துல இருந்தவங்களும் அதே ஆள்தான். பார்க்கிறவங்களுக்கு நீங்க 39 வயசு ஆம்பளை, அக்காவ இழந்தவரு, அவ்வளவுதான். நீங்க அம்மாவ ரெண்டாவது தடவை இழந்திருக்கீங்கன்னு அவங்களுக்கு யாரு சொல்லுவா?

உங்க நண்பர் அக்கறையிலதான் சொல்லியிருக்காரு, ஆனா மறுப்பு, கோவம், பேரம், மனச்சோர்வு, ஏத்துக்கறதுன்னு சொல்ற அந்த 5 நிலை விஷயத்த இங்கயே முடிச்சிருவோம். எலிசபெத் கூப்ளர்-ராஸ்ங்கிற மனநல மருத்துவர் 1969ல அத எழுதினாங்க, அவங்க பேசினது சாகப்போறோம்னு தெரிஞ்ச நோயாளிங்ககிட்ட, இழந்துட்டு வீட்ல உக்காந்திருக்கிறவங்கள வெச்சு அது வரல. பின்னாடிதான் எல்லா துக்கத்துக்கும் அத மாட்டி விட்டாங்க. வரிசையா ஒண்ணு ஒண்ணா தாண்டணும்னு அர்த்தம் இல்லன்னு அவங்களே கடைசி காலத்துல சொல்லியிருக்காங்க. நீங்க எதுலயும் மாட்டிக்கல. காலைல கோவம், மத்தியானம் ஆபீஸ்ல யாரோ சொன்ன ஜோக்குக்கு சிரிப்பு, ராத்திரி அவங்க சட்டுனு ஞாபகம் வந்து மூச்சு முட்டறது, இப்படித்தான் இருக்கும். ஸ்ட்ரோப், ஷூட்னு ரெண்டு ஆய்வாளர்கள் நெதர்லாந்துல இத ஆராய்ஞ்சு 1999ல எழுதினாங்க, துக்கத்துல இருக்கிறவங்க இழப்புப் பக்கமும் அன்றாட வேலைப் பக்கமும் மாறி மாறிப் போய் வர்றதுதான் இயல்பு, அந்தப் போக்குவரத்துதான் அவங்களத் தாங்கிப் பிடிக்குதுன்னு. அதனால சிரிச்சுட்டு அப்புறம் "அய்யோ சிரிச்சுட்டேனே"ன்னு நினைக்காதீங்க.

அடுத்து அந்த போன். இதுல நான் கொஞ்சம் கறாரா சொல்றேன், கோச்சுக்காதீங்க. நீங்க அத கையில வெச்சுக்கிட்டு ரத்தம் கேட்டு வர்ற காலையும் எடுத்துட்டு இருக்கிறது உங்களுக்கும் நல்லதில்ல, கூப்பிடறவங்களுக்கும் நல்லதில்ல. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வராண்டாவுல நிக்கிறவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம், அவர் உங்ககிட்ட வந்து "அக்கா இல்லைங்களா"ன்னு கேட்டு, நீங்க விஷயத்த சொல்லி, அவர் அதிர்ச்சியாகி, உங்களுக்கு ஆறுதல் சொல்லி, அப்புறம்தான் வேற நம்பர் தேடணும். அக்காகூட வேலை செஞ்சவங்கள்ல இத ஏத்துக்கத் தயாரா இருக்கிற ஒருத்தர் நம்பருக்கு கால் ஃபார்வர்டு போட்டுருங்க, இது ஐஞ்சு நிமிஷ வேலை. நோட்டுல இருக்கிற பேர் நம்பரெல்லாம் போட்டோ எடுத்து அவங்ககிட்ட குடுங்க, அதுக்கு முன்னாடி அந்த ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, ஏன்னா அவங்க நம்பர நம்பிக் குடுத்தது உங்க அக்காகிட்ட. நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும். சிம்ம மட்டும் சரண்டர் பண்ணிராதீங்க, அந்த நம்பர் வேற யாருக்காவது போய், என்னிக்காவது நீங்க தெரியாம அழுத்தி அந்தப் பக்கம் வேற குரல் கேட்டா அது வேற மாதிரி வலி. அதுல இருக்கிற வாய்ஸ் மெசேஜையெல்லாம் ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வெச்சுருங்க, கேக்கணும்னு கட்டாயம் இல்ல, அழிக்கணும்னும் கட்டாயம் இல்ல. மூணு வருஷம் கழிச்சு கேக்கத் தோணலாம், அப்ப அது இருக்கணும்.

இதச் சொன்னா சில பேர் "பழசையே பிடிச்சுட்டு இருக்கக் கூடாது, விட்டுட்டு மேல போகணும்"னு சொல்லுவாங்க. அந்த எண்ணம் ரொம்பப் பழசு, உளப்பகுப்பாய்வ ஆரம்பிச்சு வெச்ச ஃப்ராய்டு 1917ல எழுதினப்பவே போனவங்க மேல இருக்கிற பிடிப்ப கொஞ்சம் கொஞ்சமா விடறதுதான் துக்கத்தோட வேலைன்னு எழுதினாரு. மூணு வருஷத்துல, 1920ல, அவர் பொண்ணு சோஃபி காய்ச்சல்ல இறந்துட்டாங்க, 26 வயசுதான். 1929ல அவ பொறந்தநாள் சமயத்துல ஒரு நண்பருக்கு லெட்டர் எழுதும்போது அந்த இடத்துக்கு மாத்தா எதுவும் வராது, அப்படித்தான் இருக்கணும், அந்த அன்ப விடாம இருக்கிறதுக்கு அது ஒண்ணுதான் வழிங்கிற மாதிரி எழுதியிருக்காரு. சொன்னவரே தன் வீட்ல நடந்தப்ப விடல, பாருங்க. 1996ல கிளாஸ், சில்வர்மேன், நிக்மேன்னு மூணு ஆய்வாளர்கள் இத வெளிப்படையாவே சொன்னாங்க, போனவங்களோட உறவு முடியறதில்ல, வடிவம் மாறித் தொடரும், அது நோய் இல்லன்னு. நானும் என் ரூம்ல உக்காந்து அழுதவங்ககிட்ட இத்தனை வருஷமா பார்த்தது அதுதான்.

அப்ப வேலையத் தொடரணுமா வேண்டாமா? கடமைன்னு நினைச்சு இப்ப எடுக்காதீங்க. அக்காவோட இடத்துல போய் உக்காந்தா அக்கா போனது கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கும்னு மனசு சொல்லும், ரெண்டு மாசத்துல அந்த வேலை மேலயே வெறுப்பு வரும், அப்புறம் அந்த வெறுப்புக்கு ஒரு குற்ற உணர்ச்சி. உங்களுக்கு அதுல எதாவது ஒரு துண்டு பிடிச்சிருந்தா, உதாரணத்துக்கு 12 வாரத்துக்கு ஒரு தடவ போய் ரத்தம் குடுக்கறது மட்டும், அத செய்ங்க. கேக்கறவங்ககிட்ட "இப்போதைக்கு இல்லைங்க, எனக்கு எப்ப முடியும்னு தோணுதோ அப்ப நானே சொல்றேன்"னு சொல்லிருங்க. 20 வருஷம் ஒருத்தங்க தானா விரும்பி செஞ்சத, இன்னொருத்தர் தலைல சுமையா ஏத்தறது அவங்களுக்கே பிடிச்சிருக்காது.

சரி, அந்தக் கடைசி கால்.

ஒரு விஷயம் நடந்து முடிஞ்சப்புறம், முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்னு நமக்குத் தோணும், இது மூளை பண்ற வேலை, பாரூக் ஃபிஷாஃப்ங்கிற உளவியலாளர் 1975ல சோதனை வெச்சுக் காட்டினாரு, முடிவு தெரிஞ்சவங்க அது எதிர்பார்த்திருக்கக் கூடியதுதான்னு ரொம்ப சுலபமா நம்பிடறாங்க. நீங்க கட் பண்ணது ஒரு சாதாரண சாயங்காலத்துல, ஆயிரமாவது தடவையா வந்த ஒரு கால. மறுநாள் நடந்தத அந்த சாயங்காலத்துக்குள்ள கொண்டு போய் வெச்சுப் பார்க்கிறதால அது கடைசி கால் ஆயிருச்சு, அன்னிக்கு அது வெறும் கால்தான். இது நான் சொல்ற விளக்கம், புத்திக்குப் புரியும், மனசுக்கு உடனே இறங்காதுன்னும் எனக்குத் தெரியும்.

அதனால உங்க அக்கா எழுதினதையே திரும்ப உங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன். "கேட்டா திட்டுவான், அப்புறம் வந்துருவான்." இத நீங்க எனக்கு ஒரு தகவல் மாதிரி எழுதிட்டு அடுத்த வரிக்குப் போய்ட்டீங்க. அந்த நோட்டு எதுக்கு? அவசரத்துல யார நம்பலாம்னு பார்க்கிறதுக்கு. அதுல உங்க பேருக்கு எதிர்ல, அவங்க கையெழுத்துல, நீங்க முதல்ல திட்டுவீங்கங்கறதையும் அப்புறம் வருவீங்கங்கறதையும் சேர்த்தே எழுதி வெச்சிருக்காங்க. அன்னிக்கு நீங்க எடுக்கலன்னதும் அவங்க மனசுல என்ன ஓடுச்சுன்னு நான் சொல்ல முடியாது, யாராலயும் முடியாது, அப்படி சொல்ற யாரையும் நம்பாதீங்க. எதுக்குக் கூப்பிட்டாங்கன்னும் தெரியாமலேதான் இருக்கும், அந்த வலி இருக்கும், அத நான் எடுத்துற முடியாது. ஆனா தம்பி முதல்ல முறுக்கிக்கறது அவங்களுக்குப் புதுசு இல்ல, அதுக்கு என்ன அர்த்தம்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும், அத எழுதியே வெச்சிருக்காங்க. அந்தப் பக்கத்த எடுத்து தேதி பாருங்க, உங்க பேருக்கு எதிர்ல எத்தனை தேதி இருக்குன்னு எண்ணுங்க. ஒவ்வொரு தேதியும் நீங்க திட்டிட்டு அப்புறம் வந்த நாள்.

இப்ப கட்டுரை. இதுல நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், ஏன்னா உங்க மத்த பிரச்சினையெல்லாம் இதுலதான் வந்து முட்டிட்டு நிக்குது.

"தியாகத்தின் திருவுருவம்" உங்களுக்கு ஒட்டலன்னா உங்களுக்கு எழுத வரலன்னு அர்த்தம் இல்ல, உங்க காது சரியா இருக்குன்னு அர்த்தம். அந்த வார்த்தைய யாருக்கு வேணா போடலாம், அதனாலேயே அது யாரும் இல்ல. போனவங்கள சிலையாக்கிட்டா கும்பிடலாம், பக்கத்துல உக்காந்து பேச முடியாது. உங்களுக்கு வேண்டியது பேசறதுக்கு ஒரு ஆள். எங்கிட்ட ஒரு அம்மா வந்தாங்க, அவங்க அப்பா வருஷக்கணக்கா முதியோர் இல்லத்துல போய் வேலை செஞ்சவரு, அவருக்கு நினைவுக் குறிப்பு எழுத மூணு மாசம் முயற்சி பண்ணி முடியாம, ஒருநாள் கோவத்துல "எங்க அப்பா எந்த விசேஷத்துக்கும் நேரத்துக்கு வந்ததே கிடையாது"ன்னு முதல் வரி எழுதினாங்க, அப்புறம் ஒரே மூச்சுல ஆறு பக்கம் வந்துருச்சு. நேரத்துக்கு வராததுக்குக் காரணம் எழுதணும்ல, அந்தக் காரணத்துலதான் அந்த மனுஷனே இருந்தாரு.

உங்க அக்கா செஞ்ச வேலையிலேயே உங்களுக்கு வழி இருக்கு. பார்வை இல்லாத மாணவருக்குப் பரீட்சை எழுதறவங்களுக்கு ஒரு விதி உண்டு, அவர் சொன்னத சொன்னபடி எழுதணும். பதில் தப்புன்னு தெரிஞ்சாலும் திருத்தக் கூடாது, வாக்கியம் நல்லா இல்லன்னு அழகு படுத்தக் கூடாது, அவர் யோசிச்சுட்டு நிறுத்தினா பேனாவும் நிக்கணும். உங்களுக்கு பதில் தெரியும், கை துறுதுறுங்கும், ஆனா பரீட்சை அவருடையது. 20 வருஷம் அப்படி உக்காந்திருக்காங்க உங்க அக்கா, அடுத்தவங்க வார்த்தைக்குள்ள தன்னோடத ஒண்ணுகூட சேர்க்காம. நீங்களும் அவங்களுக்கு அப்படியே எழுதுங்க. நடந்தது நடந்தபடி. உங்க 11 வயசுல அம்மா போன அடுத்த வாரம் ஸ்கூலுக்கு யார் கூட்டிட்டுப் போனா, வழில என்ன பேசினாங்க, பேசவே இல்லையா? அவங்க கோவம் வந்தா என்ன பண்ணுவாங்க, கத்துவாங்களா, பாத்திரத்த டங்குன்னு வெப்பாங்களா? பரீட்சை எழுதிட்டு வந்த அன்னிக்கு விரல எப்படி சொடக்கு எடுப்பாங்க? படிப்ப விட்டது பத்தி என்னிக்காவது வாய் விட்டு சொன்னதுண்டா? இதுல நீங்க மட்டும் பார்த்தது எது, அத எழுதுங்க. கூட்டத்துல பேசின அத்தனை பேரும் ஊரோட அக்காவ எழுதுவாங்க, அவங்க எழுதட்டும், அந்த இடம் நிறைஞ்சிரும். சாப்பிட்டுட்டு இருக்கும்போது பாதில எழுந்து போனத எழுத உங்களத் தவிர ஆள் இல்ல. அதையும் எழுதுங்க, குறையா இல்ல, நடந்ததா.

எப்படி உக்காரணும்னு கேட்டா, ஜேம்ஸ் பென்னபேக்கர்னு ஒரு உளவியலாளர் 1980கள்லேர்ந்து செஞ்சு பார்த்த ஒரு முறை இருக்கு, ஒரு நாளைக்கு 15லேர்ந்து 20 நிமிஷம், மூணு நாலு நாள் தொடர்ந்து, மனசுல இருக்கிறத நிறுத்தாம எழுதறது, எழுத்துப்பிழை இலக்கணம் எதையும் பார்க்காம. துக்கத்துல இருக்கிற எல்லாருக்கும் இது பலன் குடுக்குதுன்னு ஆய்வு சொல்லல, சிலருக்கு உதவுது, சிலருக்கு ஒண்ணும் ஆகல. எழுத எழுத ராத்திரி தூக்கம் கெடுதுன்னா நிறுத்திருங்க. ஒத்து வந்துச்சுன்னா அதுலேர்ந்து மலருக்கு ஒரு பக்கம் எடுக்கலாம், மீதி உங்களுக்கு. கோவத்த எழுதின பக்கம் அச்சுல வரணும்னு அவசியம் இல்ல, அது எழுதப்பட்டாலே போதும். மலர் தேதிக்குள்ள முடியலன்னா "எனக்கு இன்னும் வரல"ன்னு சொல்லி விலகிருங்க, அதுல ஒரு மரியாதைக் குறைவும் இல்ல.

ஒரு விஷயம் மட்டும் கவனிச்சுட்டு இருங்க. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் மனநோய்களக் கண்டறிய வெச்சிருக்கிற, 2022ல திருத்தின கையேட்டுல நீடித்த துக்கக் கோளாறுன்னு ஒண்ண சேர்த்தாங்க, பெரியவங்களுக்கு 12 மாசம் தாண்டியும், ஏறக்குறைய தினமும், போனவங்களுக்கான ஏக்கம் ஆள அடிச்சுப் போட்டு, வேலை செய்ய முடியாம, தன்னோட ஒரு பாதியே செத்துட்ட மாதிரி இருந்தா அது சிகிச்சை தேவைப்படுற நிலைன்னு சொல்றாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட வகைப்பாட்டுல அந்தக் கணக்கு 6 மாசம். உங்க லெட்டர வெச்சுப் பார்த்தா எனக்கு அப்படித் தெரியல, கேள்வி கேக்கறீங்க, கோவப்படுறீங்க. ஆனா நானே போயிருந்திருக்கலாமேன்னு, இனி இருந்து என்னன்னு ஒரு நாள் தோணுச்சுன்னாலும், 12 மாசக் கணக்கெல்லாம் பார்க்காம அன்னிக்கே ஒரு மனநல மருத்துவர்கிட்டயோ உதவி எண்ணுக்கோ பேசிருங்க, பக்கத்துல இருக்கிறவங்ககிட்டயும் சொல்லிருங்க. இத எழுதாம இந்த பதில முடிக்க எனக்கு மனசு வராது.

கடைசியா உங்க அக்கா பொண்ணப் பத்தி. லெட்டர்ல "ஒரு பொண்ணு"ன்னு ஒரே ஒரு தடவைதான் வர்றா. நீங்க எழுதினத திரும்பத் திரும்பப் படிக்கும்போது எனக்கு அந்தப் பொண்ணு ஞாபகமாவே இருந்துச்சு. ஏன்னா, கொஞ்சம் வலிக்கும், ஆனா சொல்லணும், அவ இடத்துலேர்ந்து பார்த்தா நீங்களும் அந்த வரிசையில நிக்கிற ஒருத்தர்தான். அவ அம்மாவ அவளுக்கு முன்னாடியே எடுத்துக்கிட்டவர் நீங்க, அம்மா "எனக்கு மூத்த பிள்ளை அவன்தான்"னு சொல்லக் கேட்டே வளர்ந்திருக்கலாம், இரங்கல் கூட்டத்துல உங்களுக்கு வந்த அதே கோவம் அவளுக்கும் வந்து, அத சொல்ல ஆள் இல்லாம அவளும் வெக்கப்பட்டுட்டு இருக்கலாம். இது என் ஊகம்தான், தப்பாவும் இருக்கலாம். ஆனா உங்களுக்கு என்ன நடந்துச்சோ அத புரிஞ்சுக்கக் கூடிய ஒரே ஆள் இந்த உலகத்துல அவளாத்தான் இருக்கும், அவளுக்கும் நீங்கதான்.

அதனால எழுதினப்புறம் மலர்க்காரங்களுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நோட்டையும் எடுத்துட்டு அவ வீட்டுக்குப் போங்க, அத்தான் இருந்தா அவரும் உக்காரட்டும். போன கட் பண்ணதையும் சொல்லுங்க. நீங்க எழுதினதப் படிச்சுக் காட்டுங்க, அவ பாதில "இல்ல மாமா, அம்மா அப்படி சொல்ல மாட்டாங்க, இப்படித்தான் சொல்லுவாங்க"ன்னு குறுக்கிடுவா, குறுக்கிட்டா சந்தோஷப்படுங்க, அங்க மட்டும் திருத்திக்கலாம். அப்புறம் பேனாவ நீங்க கையில வெச்சுக்கிட்டு, அவ சொல்றத ஒரு வார்த்தை மாத்தாம எழுதுங்க.